மெத்தென்றிருந்தால் போதுமா?



சென்ற ஆண்டு அறுப்பின் பண்டிகை முடிந்த மறு வாரம் ஒரு சபையிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு வேன் வந்தது. அரிசி மூட்டை, சோப்பு, போர்வை, சுத்தமாய்த் துவைத்து மடித்த சேலைகள். எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு சாக்கில் ஐம்பது ஜோடி புதுச் செருப்பு. வாலிபர் சங்கத்தார் மாதக்கணக்காய்ச் சேர்த்த பணத்தில், காலில் புண் உள்ளவர்களுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று கடை கடையாய்த் தேடி வாங்கிய ஸ்பாஞ்சு செருப்பு. விரலை வைத்து அழுத்தினால் பஞ்சுபோல் உள்ளே போகும்.

அந்த ஐம்பதில் ஒரு ஜோடியைக்கூடக் கால் மரத்த நோயாளிகளுக்கு நாங்கள் கொடுக்கவில்லை. உடன் தங்கியிருந்த உறவினர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் பகிர்ந்து கொடுத்தோம். சில மாதம் கழித்து அந்தச் சபையின் மூப்பர் ஒருவர் வார்டைப் பார்க்க வந்தபோது இதைக் கவனித்துவிட்டார். "ஏன் பிரதர், எங்கள் செருப்பு இவர்களுக்கு ஆகாதா? நீங்கள் போட்டுக் கொடுத்திருக்கிற கறுப்புச் செருப்பு அதைவிடக் கெட்டியாக அல்லவா இருக்கிறது?" என்று கேட்டார். மனவருத்தத்தோடு கேட்டார்; ஆனாலும் நியாயமான கேள்வி. வார்டு வாசலில் நின்று அவசரமாய் நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாயில்லை. இருபது ஆண்டுகளாய் இந்தப் பட்டறையில் செருப்பு வெட்டுகிறவன் என்ற முறையில் அந்தப் பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

வலி செய்யும் வேலை

நீங்கள் ஆலயத்துக்கு நடந்து போகிறீர்கள். செருப்புக்குள் ஒரு பொடிக்கல் புகுந்துவிடுகிறது. இரண்டு அடிக்குள் நின்று, ஒற்றைக்காலில் தடுமாறியாவது அதை உதறிவிடுவீர்கள். கல் இல்லாவிட்டாலும் இதே வேலை உள்ளே நடந்துகொண்டேயிருக்கிறது. மூன்று மைல் நடந்த மனுஷன் முதல் மைலில் வைத்தபடி மூன்றாம் மைலில் காலை வைப்பதில்லை. பெருவிரலின் அடி சற்றுக் கனத்ததும் அவன் அறியாமலே பாரத்தைப் பாதத்தின் ஓரத்துக்கு மாற்றுகிறான், அடியைக் குறுக்குகிறான், திண்ணை கண்டால் உட்காருகிறான். இதையெல்லாம் அவனுக்குச் சொல்லிக் கொடுப்பது வலிதான்.

தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குகிறது. கணுக்காலின் உட்புறத்தில், எலும்புக்குப் பின்னால் ஓடும் நரம்பு கெட்டுவிட்டால் உள்ளங்கால் முழுவதும் மரத்துப்போகிறது. பாதத்திலுள்ள சிறு தசைகளும் செயலிழப்பதால் விரல்கள் மடங்கிக் கொக்கிபோல் ஆகின்றன. வேர்வை நின்று தோல் காய்ந்து வெடிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1982-ல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை கிருமியைக் கொன்றுவிடுகிறது. நரம்பு கெட ஆரம்பித்த முதல் சில மாதங்களுக்குள் வந்தவர்களுக்கு வேறு மருந்தால் உணர்ச்சி திரும்புவதும் உண்டு. நெடுநாள் செத்துக் கிடந்த நரம்பை மட்டும் எந்த மாத்திரையும் எழுப்புவதில்லை. ஆகவேதான் நோய் குணமாகி முப்பது ஆண்டான பிறகும் காலில் புண்ணோடு எங்கள் வாசலுக்கு வருகிறார்கள். தேசிய அளவில் தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையைத் தாண்டிவிட்டதாக 2005-ஆம் ஆண்டு முடிவில் அறிவிக்கப்பட்டது உண்மை. ஆனாலும் 2022-23-ல் இந்தியாவில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் சற்று அதிகம்.

விரல்களும் பாதமும் கரைந்துபோவது நோயின் இயல்பு, சதை தானாக அழுகி விழுகிறது என்றுதான் வெகுகாலம் மருத்துவர்களே நம்பியிருந்தார்கள். இந்த எண்ணத்தை மாற்றியவர்களில் முக்கியமானவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் ஊழியம் செய்த மிஷனரிப் பெற்றோருக்கு 1914-ல் பிறந்தவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எலும்பு அறுவை சிகிச்சை நிபுணராக வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் நடத்திவந்த தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனவர், மடங்கிக் கிடந்த கைகளைக் கண்டு, எலும்பு நிபுணர்கள் இதுவரை ஏன் இவர்களைக் கவனிக்கவில்லை என்று யோசிக்கத் தொடங்கினார். அந்த யோசனை கையில் ஆரம்பித்துக் காலுக்கு வந்தது. நோயாளிகளின் புண்களை ஒவ்வொன்றாய்ப் பின்தொடர்ந்து பார்த்ததில், ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒரு காயம் காரணமாயிருந்தது. சதை கெட்ட சதையல்ல. சரியானபடி காப்பாற்றினால் மற்றவர் சதைபோலவே ஆறியது.

பின்பு அவர் 1960-களின் நடுவில் அமெரிக்காவிலுள்ள கார்வில் ஆஸ்பத்திரிக்குச் சென்றபின் அங்கே எலிகளின் பாதத்தில் ஒரு சோதனை நடந்தது. சின்ன இயந்திரம் ஒன்று எலியின் பாதத்தை நடக்கும்போது விழுகிற அளவான பாரத்தால், நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முறை, தட்டிக்கொண்டேயிருந்தது. ஒரு தட்டில் ஒன்றும் ஆகாது. நூறு தட்டிலும் ஆகாது. நாட்கள் செல்லச் செல்லப் பாதம் சிவந்து, வீங்கி, கடைசியில் புண்ணாய்த் திறந்தது. தட்டுவதைக் குறைத்து இடையிடையே ஓய்வு கொடுத்தபோது பாதம் தாக்குப்பிடித்தது.

எங்கள் தொழில் முழுவதும் இந்த ஒரு சோதனைக்குள் அடங்கிவிடும் என்றுகூட நான் நினைப்பதுண்டு. முள்ளோ கண்ணாடியோ குத்தி வருகிற காயம் ஒன்று. இறுகிய வார் மணிக்கணக்காய் ஓரிடத்தை அழுத்தி, இரத்தம் போகாமல் சதை செத்து வருகிற காயம் இன்னொன்று. இவ்விரண்டையும் யாரும் புரிந்துகொள்வார்கள். மூன்றாவது, ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றும் வெறும் நடை. ஐந்தாயிரம் அடி, ஆறாயிரம் அடி, ஒவ்வொரு அடியும் அதே விரலடியில். உங்களுக்கும் எனக்கும் ஐந்நூறாவது அடியிலேயே அந்த இடம் பேச ஆரம்பித்துவிடும். மரத்த காலுக்கு ஆறாயிரமாவது அடியும் முதல் அடிபோலத்தான். உள்ளே எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சதை நசுங்கி நீர் கோத்து, பிறகுதான் வெளியே உடைகிறது. வெளியே தெரியும்போது காரியம் முக்கால்வாசி முடிந்திருக்கும்.

ஈரக்காலும் சிமெண்டுத் தரையும்

இப்போது வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். காலை நனைத்துச் சிமெண்டுத் தரையில் ஒற்றைக்காலில் நின்று எடுங்கள். தெரிகிற ஈரத்தடம்தான் உங்கள் பாரத்தைச் சுமக்கும் இடம். பெரியவர் ஒருவருக்கு அது ஏறத்தாழ நூறு சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எடை அறுபது கிலோ. சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல். இது பெரிய பாரமல்ல.

இனிக் குதிகாலைத் தூக்குங்கள். நடக்கும்போது அடுத்த அடிக்கு உந்துகிற நேரம் அது. இப்போது முன்பாதமும் விரல்களும் மட்டுமே தரையில். நாற்பது சதுர சென்டிமீட்டர் இருக்கலாம். பாரம் ஒன்றரைக் கிலோவாகிறது. விரல்கள் கொக்கியாய் மடங்கிய பாதத்தில் விரல்கள் பங்கெடுப்பதில்லை. விரல்களின் அடி எலும்பு முட்டுகள் மட்டும் தரையில் ஊன்றும். பதினைந்து சதுர சென்டிமீட்டரில் அறுபது கிலோ என்றால் நான்கு கிலோ. நடையில் ஒவ்வொரு அடியும் உடல் எடையைவிடச் சற்று அதிகமாகவே தரையை அழுத்துவதால் உண்மையில் இதற்கும் மேல். இது என் பட்டறைக் கணக்குத்தான். ஆனாலும் பாதம் காக்கும் நிபுணர்கள் இன்று செருப்புக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுகிற வரம்பு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் இரண்டு கிலோவுக்குள் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அறுபது கிலோவை நாங்கள் குறைக்க முடியாது. (குறைக்கச் சொல்லிச் சிலரிடம் டாக்டர் மன்றாடுகிறார், அது வேறு கதை.) எங்கள் கையில் இருப்பது இடத்தைப் பெருக்குவது ஒன்றுதான். முட்டுகளைச் சுற்றியுள்ள சதை, உள்வளைவு, பாதத்தின் ஓரம் என்று சும்மாயிருக்கிற பாகங்களும் ஆளுக்குக் கொஞ்சம் சுமக்கும்படி செய்யவேண்டும். பாதம் படுகிற மேல் அடுக்கை இன்சோல் என்கிறோமே, அதன் வேலை இதுதான்.

புளியங்கொட்டைப் பரீட்சை

மூப்பர் ஐயாவுக்கு அன்று இதைச் செய்து காட்டியிருக்கவேண்டும். ஒரு புளியங்கொட்டையை மேசையின்மேல் வைத்து உள்ளங்கையால் பலமாய் அழுத்துங்கள். கொட்டை கையைக் குத்தும், ஏனென்றால் உங்கள் பலம் முழுவதும் அந்தச் சின்ன இடத்தில். கெட்டித் தோல் இன்சோலில் எலும்பு முட்டு படுகிற பாடு இது.

அடுத்து, பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சின்மேல் கொட்டையை வைத்து அழுத்துங்கள். முதலில் சுகமாய் உள்ளே போகும். பிறகு ஸ்பாஞ்சு முழுவதும் நசுங்கி, கொட்டை அடியிலுள்ள மேசையில் முட்டி நிற்கும். மறுபடியும் குத்தும். மெத்தென்று தோன்றியதெல்லாம் பாரம் ஏறும்வரைதான்.

மூன்றாவதாக எங்கள் பட்டறையின் எம்.சி.ஆர். துண்டு ஒன்றில் வையுங்கள். மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்பதன் சுருக்கம் அது. கண்ணுக்குத் தெரியாத குட்டி அறைகளில் காற்றை அடைத்து வைத்த ரப்பர். கொட்டை பாதி தூரம் அமிழ்ந்து அங்கேயே நிற்கும். அதற்குள் உங்கள் உள்ளங்கை முழுவதும் ரப்பரில் வந்து படிந்துவிடும். பாரம் கைக்கும் கொட்டைக்குமாய்ப் பிரிந்துபோகும். தேவையானது இந்த நடுநிலைதான். ஸ்பாஞ்சில் அறைகள் ஒன்றுக்கொன்று திறந்திருப்பதால் அழுத்தியதும் காற்று ஓடிவிடுகிறது. எம்.சி.ஆரில் அறைகள் மூடியிருப்பதால் காற்று உள்ளேயே இருந்து எதிர்த்துத் தாங்குகிறது.

செய்முறை சுருக்கமாக: ரப்பரோடு கந்தகமும், சூட்டில் வாயுவை விடுகிற மருந்தொன்றும் சேர்த்து அரைத்து, அச்சில் பூட்டிச் சூடாக்கி அழுத்துவார்கள். அச்சைத் திறந்தவுடன் தோசைக்கல்லில் மாவு உப்புவதுபோல் தகடு பெரிதாய் விரியும். மருந்தின் அளவிலும் சூட்டிலும் சிறு மாற்றம் வந்தால் தகடு கல்லாகும் அல்லது பஞ்சாகும். உங்கள் வீட்டு ஹவாய் செருப்பும் ஒருவகை மைக்ரோசெல்லுலார் ரப்பர்தான். ஆனால் தேயாமல் உழைக்கவேண்டும் என்பதற்காகக் கெட்டியாய்ச் செய்கிறார்கள். ரப்பரின் கடினத்தை அளக்க ஷோர் என்று ஓர் அளவு உண்டு. உணர்வற்ற பாதத்துக்கு நாங்கள் வாங்குவது அந்த அளவில் 15-ஐ ஒட்டியது, கனம் பத்து மில்லிமீட்டருக்குக் குறையாமல். அளக்கும் கருவி இல்லாத கிராமக் கிளினிக்கிலும் ஒரு வழி இருக்கிறது: தகட்டைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து நசுக்கவேண்டும். பாதிக் கனத்துக்கு வந்தால் சரி. ஒரு விரல் மற்ற விரலைத் தொட்டு உணர்ந்தால் அது பஞ்சு; அசையாவிட்டால் அது ஹவாய்.

1950-களில் வேலூரிலும், 1955-ல் தொடங்கப்பட்ட காரிகிரி ஷிஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் பலவிதமான பொருட்களில் செருப்பு செய்து பார்த்து இந்த ரப்பருக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்குப்பின் எத்தனையோ நவீன நுரைகள் வந்துவிட்டன. பிளாஸ்டசோட் என்னும் பாலிஎத்திலீன் நுரையைச் சூடாக்கி மென்மையானதும் காலுறை போட்ட பாதத்தை அதன்மேல் வைத்தால், பாதத்தின் மேடுபள்ளம் அப்படியே பதிந்துவிடும், பார்க்க அற்புதமாயிருக்கும். ஆனால் சில மாத நடையில் தட்டையாகிவிடுகிறது, அதனால் கீழே வேறு தாங்கல் அடுக்கு ஒன்று வைத்து ஒட்டுகிறோம். ஈ.வி.ஏ. எடை குறைவு, வேண்டிய கடினத்தில் கிடைக்கும். அதுவும் நசுங்கிய இடத்தில் நசுங்கியபடியே நிற்கும் குணமுள்ளது. நல்ல பாலியூரித்தேன் நுரை திரும்ப எழும்புவதில் கெட்டிக்காரன், விலையோ கடிக்கும். எனக்கு இன்னும் எம்.சி.ஆர். மேல்தான் பாசம், வயதானவன் என்று பட்டறையிலுள்ள தம்பிமார் சிரிக்கிறார்கள்.

வளையாத அடிச்சோல்

இன்சோல் மட்டும் செருப்பாகிவிடாது. எம்.சி.ஆர். மென்மையானது, கருவேல முள் அதில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். ஆகவே கீழே கெட்டி ரப்பர் சோல் வேண்டும். ஆணி ஒன்றுகூட அடிக்கமாட்டோம், பசையும் தையலும்தான். சோல் தேயத் தேய மேலே எழும்புகிற ஆணியை மரத்த கால் உணராது. குதிகாலில் ஆணி ஏறியதோடு அப்படியே நடந்து வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். பின்வார் கட்டாயம். பின்வாரில்லாத செருப்பு கழலாமலிருக்க விரல்களால் இறுக்கிப் பிடிக்கவேண்டும். பிடிக்கவும் முடியாது, கழன்றாலும் தெரியாது. கைவிரல் மடங்கியவர்களுக்குப் பக்கிள் மாட்டுவது கஷ்டம், அவர்களுக்கு வெல்க்ரோ. அந்த ஐம்பது ஜோடியிலும் பின்வார் இல்லை, கட்டைவிரல் இடுக்கில் கொக்கி வார் மட்டும். ஸ்பாஞ்சு நல்லதாயிருந்தாலும் அவற்றைக் கொடுத்திருக்க முடியாது.

பாதம் ஏற்கெனவே உருமாறிப்போனவர்களுக்கு மென்மை மட்டும் உதவாது. விரல்கள் போய்க் குறுகிய பாதத்துக்கும், ஒருமுறை புண் வந்து தழும்பான பாதத்துக்கும் அச்சு எடுத்து, உள்வளைவைத் தாங்கும்படி மேடு கட்டுகிறோம். இன்னும் மோசமானவர்களுக்குச் செய்வது உங்களுக்கு விநோதமாய்த் தோன்றும். அடிச்சோலை மரப்பலகைபோல் வளையாமல் செய்து, முன்பக்கம் படகின் அடிபோல் வளைத்துவிடுவோம். விரலடி மடங்கி உந்தவேண்டிய நேரத்தில் செருப்பே உருண்டு காலை முன்னே கொண்டுபோய்விடும். முட்டுகளுக்கு வரும் பாரத்தில் பெரும்பங்கு குறையும். நன்றாய் வளைகிற செருப்புதான் நல்ல செருப்பு என்று கடையில் மடக்கிக் காட்டுவார்களே, இவர்களுக்கு அதற்கு நேர்மாறு.

எந்த இடத்தில் பாரம் விழுகிறது என்று எப்படித் தெரியும்? பெரிய ஆஸ்பத்திரிகளில் அழுத்தத்தை வண்ணப்படமாய்க் காட்டும் கம்ப்யூட்டர் பலகை இருக்கிறது. கார்வில்லில் பிராண்டும் அவரோடிருந்தவர்களும், அழுத்தினால் உடைந்து நிறம் விடுகிற நுண்குமிழ்கள் பதித்த காலுறையைப் போட்டு நடக்கச் சொல்லி, நிறம் எங்கே அதிகம் என்று பார்த்தார்கள். எங்களிடம் இருப்பது ஹாரிஸ் மேட் என்ற வரிகளுள்ள ரப்பர் விரிப்பு. அதில் மை தடவி, மேலே காகிதம் வைத்து, ஒரு அடி நடக்கச் சொன்னால் அதிகம் அழுந்திய இடம் கறுப்பாய்ப் பதியும். அதுவும் இல்லாவிட்டால் கை இருக்கிறது. நடந்து வந்தவரைச் சற்று உட்காரவைத்து, புறங்கையால் பாதத்தைத் தடவினால், புண் வரப்போகிற இடம் சுற்றியுள்ள தோலைவிடச் சுடும். பாடம் கற்க வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

சர்க்கரை நோயாளிகள்

இப்போது பட்டறைக்கு வருகிறவர்களில் சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகிறார்கள். நோய் வேறு, ஆனால் பல வருடச் சர்க்கரையும் பாத நரம்பை அதேபோல் மரக்கச் செய்கிறது. சிலருக்கு இரத்த ஓட்டமும் குறைந்துவிடுவதால் ஆறுவது இன்னும் தாமதம். சென்னையில் நடத்தி 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், முன்பே பாதப்புண் வந்து ஆறிய 241 சர்க்கரை நோயாளிகளுக்கு வெவ்வேறு இன்சோல்கள் கொடுத்து ஒன்பது மாதம் பின்தொடர்ந்தார்கள். சாதாரணக் கெட்டி இன்சோல் அணிந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மறுபடியும் புண் வந்தது. எம்.சி.ஆர். போன்ற மென் இன்சோல் அணிந்தவர்களில் மிகச் சிலருக்கே வந்தது. தொழுநோயாளிக்கென்று செய்த செருப்பு இன்று நம் சபைகளில் முன்வரிசையில் உட்காருகிற பலருடைய காலைக் காப்பாற்றுகிறது. ஒரு எச்சரிப்பு: காய்ந்த பாதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் பூசும்படி தொழுநோயாளிகளுக்குச் சொல்லுகிறோம், சர்க்கரை நோயாளிகள் அதைப் பார்த்து ஊறவைக்கக் கூடாது, டாக்டர் சொல்வதையே கேட்கவேண்டும்.

வாசலில் கழற்றும் செருப்பு

இனிச் சொல்லப்போவது ரப்பரைப் பற்றியதல்ல, ஆனால் இது இல்லாமல் மேலே எழுதியதெல்லாம் வீண்.

எங்கள் ஊர்ப்பக்கத்துப் பாட்டி ஒருவர், வயது அறுபதைத் தாண்டியவர், வலது பெருவிரலின் அடியில் அதே இடத்தில் மூன்றாம் முறையாகப் புண்ணோடு வந்தார். செருப்பைப் பார்த்தேன். நான் வெட்டியதுதான், எட்டு மாதமாகியும் தேய்வு அதிகமில்லை, சோல் சுத்தமாயிருந்தது. தேய்வு இல்லாத செருப்பும் புண்ணுள்ள காலும் சேர்ந்து வந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

"பாட்டி, இதைப் போடுறீங்களா இல்லையா?"

"போடாம என்ன தம்பி. வெளிய போறப்ப போடுவேன்."

"வீட்டுக்குள்ள?"

"வீட்டுக்குள்ள யாராவது செருப்பு போடுவாங்களா?"

கூட்டிப் பார்த்தால் அவருடைய நாளின் பெரும்பகுதி வீட்டுக்குள்தான். அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் வாசலுக்குமாய் ஆயிரக்கணக்கான அடி, எல்லாம் வெறுங்காலில், சிமெண்டுத் தரையில். ஞாயிற்றுக்கிழமை? கோவில் வாசலில் எல்லாரும் கழற்றிவிடும் இடத்தில் அவரும் கழற்றிவிட்டு, வெயிலில் கொதிக்கிற கல்பாவிய முற்றத்தைக் கடந்து உள்ளே போகிறார். கொதிப்பது அவருக்குத் தெரியாது. ஒருமுறை செருப்போடு உள்ளே வந்தபோது யாரோ ஒரு அம்மா முகத்தைச் சுளித்தாராம். அதோடு விட்டுவிட்டார். பேத்தியின் நிச்சயத்துக்கு அந்தக் கறுப்புச் செருப்பை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போனதாகவும் மெதுவாய்ச் சொன்னார். "அதைப் பாத்தாலே என்ன வியாதின்னு ஊருக்குத் தெரிஞ்சிருமே, தம்பி."

அந்தக் கறுப்புத் தகட்டுக்கு நாங்களே பொறுப்பு. ஒரே நிறம், ஒரே வடிவம், மலிவு என்று வருஷக்கணக்காய் ஒன்றையே வெட்டிவந்தோம். அது ஒரு முத்திரையாகிவிட்டதை நாங்கள் கவனிக்கவில்லை. இப்போது எம்.சி.ஆரின் ஓரம் தெரியாதபடி பழுப்புத் தோலால் சுற்றி மூடுகிறோம். பெண்களுக்குக் கடையில் விற்பதுபோல் மேல்வார் வெட்டுகிறோம். ஒரு ஜோடிக்கு வேலை ஒரு மணி நேரம் கூடுகிறது. எடுத்துப்போன செருப்பைப் போடுகிறார்கள் என்பதால் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி யாரும் முணுமுணுப்பதில்லை.

மற்றொன்று, ஒருவருக்கு இரண்டு ஜோடி கொடுக்கத் தொடங்கினோம்: வெளியே ஒன்று, வீட்டுக்குள் மட்டும் போட ஒன்று. செருப்பு மாதிரி இருந்தால் வீட்டுக்குள் போட மனம் வராது என்பதால் உள்ஜோடிக்கு மேலே துணிவார் வைக்கிறோம்.

மூப்பர் ஐயாவுக்கு இதையெல்லாம் கடிதமாய் எழுதி அனுப்பினேன். அடுத்த முறை வாலிபர் சங்கம் செருப்பு வாங்காமல், இருபத்தைந்து பேருக்கு உள்ஜோடி செய்யத் தேவையான எம்.சி.ஆர். தகடும் பசையும் வாங்க உதவியது. அதோடு இன்னொரு காரியம், நான் கேட்காதது: அவர்களுடைய ஆலயத்தில் பின்வரிசை ஓரமாய் ஒரு பாயும் துடைக்கும் துணியும் வைத்து, காலில் உணர்ச்சி இல்லாதவர்கள் செருப்பின் அடியைத் துடைத்துவிட்டு அணிந்தபடியே உட்காரலாம் என்று ஆயர் அறிவித்தாராம். முதல் ஞாயிறு அந்த இடத்தில் உட்கார்ந்தவர்கள் நான்கு பேர். அதில் மூவர் சர்க்கரை நோயாளிகள் என்று கேள்விப்பட்டேன்.

எம்.சி.ஆரும் என்றென்றைக்கும் உழைப்பதில்லை. நாள்தோறும் நடக்கிறவருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் முட்டு விழும் இடத்தில் குழி நிரந்தரமாகிவிடும். அறைகள் உடைந்து எழும்பாது. வெளியே பார்த்தால் செருப்பு நன்றாகத்தானிருக்கும், தூக்கிப்போட மனம் வராது. அதனால் மாதம் ஒருமுறை விரலால் நசுக்கிப் பார்க்கச் சொல்லுகிறோம். விரல் மரத்தவர்களானால் வீட்டிலுள்ளவர்கள் பார்க்கவேண்டும்.

பாட்டியின் புண் பிளாஸ்டர் கட்டில் ஏழு வாரத்தில் ஆறியது. ஒரு வருடம் கழித்துப் பேத்தியோடு பட்டறைக்கு வந்தார். உள்ஜோடியைத் துணிப்பையிலிருந்து எடுத்து என் மேசைமேல் வைத்தார். பெருவிரல் அடி படுகிற இடத்தில் எட்டணாக் காசளவு குழி, ஏறக்குறைய அடிச்சோல் தெரியும் அளவுக்கு. அந்தக் குழி அவர் காலில் விழவில்லை, ரப்பரில் விழுந்திருந்தது. பாதத்தை மடியில் வைத்துப் புறங்கையால் தடவிப் பார்த்தேன். எங்கும் ஒரே சூடுதான். பேத்தி புதுத் தகட்டை எடுத்து இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "இது சரியா இருக்கு மாமா, வெட்டுங்க" என்றாள்.